எதிர்ச்சொல் பெறாக் காதல்: ஆங்கில மறுமலர்ச்சிக் காலச் சானெட்டும் நாடகமும்

ஆங்கில மறுமலர்ச்சிக் காலத்துக் காதற்பாக்கள் நெடுங்காலம் காதலனின் உள்ளத்தை அறியும் கருவிகளாகவே படிக்கப்பெற்று வந்தன. அவன் ஏங்குவதும், எரிவதும், எரியும்போதே குளிரால் நடுங்குவதும் அப்பாக்களின் பொருள் எனக் கொள்ளப்பட்டன. இவ்வுணர்வுகளுக்கெல்லாம் மூலவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் (1304–1374) என்பது நன்கு நிறுவப்பெற்ற செய்தி. 1981இல் நான்சி விக்கர்ஸ் எழுதிய கட்டுரையொன்று இந்நோக்கைச் சற்றுத் திருப்பியது. பெட்ரார்க்கின் பாக்களில் லாரா முழு உருவினளாகத் தோன்றாமல் கண்ணும் கையும் கூந்தலுமாகச் சிதறிக் காட்சி தருகிறாள் என அவர் எடுத்துக்காட்டினார். பின்வந்த ஆய்வுகள் பலவற்றுக்கு அது வழி திறந்தது. எனினும் அவ்வுறுப்புகளுள் நாவைத் தனியே எடுத்துப் பார்த்தல் வேண்டும். காதலிக்கப்படுபவள் என்ன சொல்கிறாள், அச்சொல் எவ்வாறு கேட்கப்படுகிறது என்னும் வினாவோடு அக்காலச் சானெட்டுகளையும் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றையும் ஒருசேர நோக்கினால், காதலைப் பற்றிய இருவேறு கருத்துகள் அங்கு மோதுவது புலப்படும். அம்மோதலின் களம் பெரும்பாலும் ஒரு சிறு சொல்லே ஆகும். பெண் சொல்லும் 'வேண்டா' என்னும் மறுப்பே அது.

கழுத்துப்பட்டையில் எழுதிய மறுப்பு

பெட்ரார்க் 1327 ஏப்ரல் 6ஆம் நாள் அவிஞான் நகரத் தேவாலயம் ஒன்றில் லாராவை முதன்முதலாகக் கண்டார் என்றும், 1348இல் அதே ஏப்ரல் 6இல் அவள் இறந்தாள் என்றும் அவரே குறித்துள்ளார். இடைப்பட்ட 21 ஆண்டுகளிலும், அதன் பின்னரும் அவர் பாடியவை 366 பாக்கள் கொண்ட தொகையாக உருப்பெற்றன. அவற்றுள் 317 சானெட்டுகள். இத்தனை பாக்களிலும் லாரா பேசும் இடங்கள் மிகச் சில. அவள் சற்று விரிவாகப் பேசுவது தான் இறந்த பிறகு, கவிஞரின் கனவில் தோன்றியே.

தமிழ் வாசகருக்கு இந்நிலை முற்றிலும் புதிதன்று. தன் சொல்லுக்கு எதிர்ச்சொல் பெறாதவன் தான் சொல்லியதிலேயே இன்பம் காண்பதைத் தொல்காப்பியர் கைக்கிளையின் இலக்கணத்துள் வைத்துள்ளார். ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது. தொல்காப்பியர் குறிக்கும் பெண் காமத்திற்குரிய பருவம் எய்தாதவள்; அவள் மறுமொழி தராமைக்கு அறியாமையே காரணம். சானெட்டில் பாடப்பெறும் பெண்ணோ பருவம் எய்தியவள். சில தொகைகளில் மற்றொருவன் மனைவியும் ஆவாள். அவள் பேசாமைக்குக் காரணம் அறியாமை அன்று. பாவின் அமைப்பே ஆகும். பதினான்கு அடிகளும் ஒருவன் கூற்றாக நிறைந்துவிடும்போது மற்றொருவர் பேச இடமில்லை.

இவ்வமைப்பு ஆங்கிலத்திற்கு வந்தபோது நேர்ந்த மாற்றம் ஒன்று தனித்துக் கவனிக்கத்தக்கது. பெட்ரார்க்கின் 190ஆம் பாவில் பொற்கொம்புகளையுடைய வெண்ணிறப் பெண்மான் ஒன்று தோன்றுகிறது. அதன் கழுத்துப்பட்டையில், தன்னை எவரும் தீண்டலாகாது என்றும், தன்னை விடுவிக்கச் சீசர் திருவுளம் கொண்டார் என்றும் மணிகளால் எழுதப்பெற்றுள்ளது. எட்டாம் ஹென்றி மன்னரின் அவையினரான சர் தாமஸ் வயட் (1503–1542) இப்பாவைத் தழுவி ஆங்கிலத்தில் ஒரு சானெட் இயற்றினார். அதிலும் மான் உண்டு, கழுத்துப்பட்டை உண்டு, தீண்டாதே என்னும் எழுத்தும் உண்டு. ஆயின் காரணம் மாறிவிடுகிறது. வயட்டின் மான் விடுவிக்கப்பட்டது அன்று; சீசரின் உடைமை. அம்மான் ஹென்றியின் இரண்டாம் மனைவியான ஆன் பொலினைக் குறிக்கும் என்பது வழிவழி வந்த கருத்து. 1536இல் அவ்வரசி வீழ்ந்தபோது வயட்டும் லண்டன் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார் என்னும் வரலாறு அக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. அதனை ஏற்பினும் மறுப்பினும், பாவின் உட்கிடை தெளிவு. அதில் ஒலிக்கும் மறுப்பு பெண்ணின் வாயிலிருந்து வரவில்லை. உரிமையாளன் எழுதி மாட்டிய பட்டையிலிருந்து வருகிறது. வேட்டையாடுபவனும் அவளைக் கேட்டுத் திரும்புவதில்லை. உடையவனுக்கு அஞ்சியே திரும்புகிறான்.

இம்மான் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழித்து எட்மண்ட் ஸ்பென்சரிடம் மீண்டும் வருகிறது. 1595இல் வெளியான அவருடைய 'அமொரெட்டி' தொகையின் 67ஆம் சானெட்டில், வேட்டையாடுபவன் துரத்திக் களைத்து ஓய்ந்து அமர்ந்தபின், மான் தானாகவே நீருண்ண மீண்டு வந்து, தன் விருப்பத்தோடு கட்டுண்கிறது. ஸ்பென்சர் பாடியது தாம் மணக்கவிருந்த எலிசபெத் பாயிலை. 1594இல் திருமணமும் நிகழ்ந்தது. திருமணத்தில் முடியும் காதலுக்குப் பெண்ணின் இசைவு வேண்டும் என்பதை அச்சானெட் ஒப்புகிறது. கட்டுவது அவன் கையே என்பதையும் அது மறைக்கவில்லை.

இலக்கண விதி

ஆங்கிலச் சானெட் தொகைகளுள் பெண்ணின் மறுப்பை மிகுதியாகப் பதிவு செய்ததும், அதனை மிகத் திறமையாகத் திரித்ததும் ஒரே நூல்தான். அது சர் பிலிப் சிட்னி (1554–1586) இயற்றிய 'ஆஸ்ட்ரோபிலும் ஸ்டெல்லாவும்'. 108 சானெட்டுகளும் 11 இசைப்பாக்களும் கொண்ட இந்நூல் சிட்னி இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1591இல் அச்சேறியது. ஸ்டெல்லாவுக்கு முன்மாதிரி பெனலபி டெவரோ எனக் கொள்வர். அவர் 1581இல் ரிச் பிரபுவை மணந்தவர். அப்பெயரை வைத்துச் சிட்னி சிலேடைகள் அமைத்திருப்பதால் இதில் ஐயத்திற்கு இடம் குறைவு.

63ஆம் சானெட்டில் காதலன் இலக்கணத்தை வாழ்த்துகிறான். அவன் வேண்டியதற்கு ஸ்டெல்லா 'வேண்டா, வேண்டா' என இருமுறை மறுத்தாள். ஒரு தொடரில் வரும் இரண்டு எதிர்மறைகள் உடன்பாடாகும் என்னும் விதியைக் காட்டி, அவள் இசைந்துவிட்டாள் என அவன் நிறுவுகிறான். நகைச்சுவைப் பாவாகவே இதனை நெடுங்காலம் பாராட்டினர். நகைச்சுவை இல்லாமலும் இல்லை. ஆயினும் இவ்வாதத்தின் ஓட்டையைத் தமிழிலக்கணம் அறிந்தவர் எளிதிற் காண்பர். 'வாராதிரான்' என்பதில் இரண்டு எதிர்மறை ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகின்றன. 'வேண்டா வேண்டா' என்பதோ அடுக்குத்தொடர். அச்சமும் வெகுளியும் விரைவும் பற்றி வருவது. அதனை உடன்பாடாகக் கொள்ளும் இலக்கணம் எம்மொழியிலும் இல்லை. காதலனும் இதனை அறியாதவன் அல்லன். ஒருமுறை சொன்னது கேளாமற் போகலாகாது என்றே அவள் இருமுறை சொன்னாள் என்பதை அதே பாவில் அவனே கூறிவிடுகிறான். கேட்டும் கேளாததுபோல் வாதிடும் ஒருவனைச் சிட்னி நம்முன் நிறுத்துகிறார். கவிஞர் சிட்னியும் காதலன் ஆஸ்ட்ரோபிலும் ஒருவரே எனக் கொண்ட பழைய வாசிப்பு இவ்விடத்தில் தடுமாறுவது இயல்பே.

இசைப்பாக்களுக்கு வரும்போது நிலை மாறுகிறது. இரண்டாம் இசைப்பாவில் ஸ்டெல்லா உறங்குகிறாள். விழித்திருக்கையில் அவள் நா மறுக்கும், கை தடுக்கும் என எண்ணியே அவன் உறக்கத்தில் முத்தம் திருடுகிறான். நான்காம் இசைப்பாவில் ஒவ்வொரு கண்ணியும் அவள் மறுப்போடு முடிகிறது; அங்கு 'வேண்டா' நான்கு முறை அடுக்கி வருகிறது. எட்டாம் இசைப்பாவில் முதன்முறையாக அவள் நீளப் பேசுகிறாள். தனக்கும் காதல் உண்டு என்றும், மானத்தின் பொருட்டே மறுப்பதாகவும் கூறி அகல்கிறாள். இப்பா படர்க்கைக் கூற்றாகத் தொடங்கி, ஈற்றடியில் திடீரெனத் தன்மைக்கு மாறி, என் பாட்டு முறிந்தது என முடிகிறது. அவள் பேசியதும் அவன் பாட்டு முறிந்துவிடுகிறது என்பது சானெட் மரபு முழுமைக்கும் பொருந்தும் உண்மை. 1591ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விசைப்பாக்கள் சானெட்டுகளுக்குப் பின் தனியே தொகுத்து வைக்கப்பெற்றன. 1598ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே உரிய இடங்களில் அமைந்தன. ஆங்கிலச் சானெட் வேட்கையைத் தூண்டிய முதற்பதிப்பில் ஸ்டெல்லாவின் குரல் இணைப்பாகவே கிடைத்தது எனலாம்.

ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் 1609இல் வெளிவந்தன. அவற்றுள் முதல் 126 ஓர் இளைஞனை முன்னிறுத்தியவை; அவனும் பேசுவதில்லை. பெண்ணைக் குறித்தவற்றுள் 145ஆம் பா ஒன்றே இங்கு வேண்டுவது. ஏனையவற்றினும் குறுகிய அடிகளால் ஆன இப்பாவைச் சிறுபிள்ளைத்தனமானது என ஒதுக்குவாரும் உண்டு. வெறுக்கிறேன் எனத் தொடங்கும் பெண், காதலன் முகம் வாடக் கண்டு, உன்னை அன்று என முடிக்கிறாள். சொல்லைத் திருத்துபவள் அவளே. காதலனின் இலக்கணம் அன்று.

அரங்கில் பிறந்த மறுமொழி

நாடகத்தில் ஒருவர் பேசினால் மற்றவர் மறுமொழி கூறியாக வேண்டும். மொழியாது நின்றாலும் அம்மௌனம் கண்ணுக்குத் தெரியும். சானெட் அரங்கிற்குள் நுழைந்தபோது அதன் தனிக்கூற்று இச்சோதனைக்கு உள்ளாயிற்று. 1598இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில், மூன்றாண்டு பெண்முகம் நோக்காது கற்பதெனச் சூளுரைத்த நாவார் மன்னனும் தோழர் மூவரும் உடனே காதலில் வீழ்ந்து பாக்கள் எழுதி அனுப்புகின்றனர். பிரெஞ்சு இளவரசியும் தோழியரும் அவற்றைப் பொழுதுபோக்காகவே கொள்கின்றனர். நால்வருள் அறிவாளியான பெரோன் இறுதியில் அணிநடையைக் கைவிட்டு, முரட்டுத் துணியையொத்த எளிய ஆம், இல்லைகளால் மட்டுமே இனிக் காதல் செய்வதாக உறுதி கூறுகிறான். அவன் அதைக் கூறும் பகுதியே பதினான்கு அடிகளில் சானெட்டாக அமைந்திருப்பது ஷேக்ஸ்பியரின் குறும்பு. உறுதிமொழிக்குள்ளும் பகட்டான பிரெஞ்சுச் சொல் ஒன்று நுழைந்துவிட, ரோசலின் அதனைச் சுட்டிக்காட்டி எள்ளுகிறாள். பெண்கள் ஓராண்டு காத்திருக்குமாறு கூறிப் பிரிய, நாடகம் மணமின்றி முடிகிறது. 'இல்லை' என்பது இல்லையாகவே கேட்கப்பெற்ற இன்பியல் நாடகம் இது. அதனாலேயே அதன் முடிவு அக்கால வழக்கிற்கு மாறாக அமைந்தது.

'ரோமியோவும் ஜூலியட்டும்' இதனினும் ஆழமானது. நாடகத் தொடக்கத்தில் ரோமியோ காதலிப்பது ரோசலின் என்னும் வேறொருத்தியை. அவள் ஒரு காட்சியிலும் பேசுவதில்லை. ரோமியோ குளிர்ந்த நெருப்பு என்றும் நோயுற்ற நலம் என்றும் முரண்தொடர்களை அடுக்குகிறான். மெர்குஷியோ பெட்ரார்க்கின் பெயரையே சொல்லி அவனை எள்ளுகிறான். பேசாத ரோசலினுக்கும் பேசும் ஜூலியட்டுக்கும் இடையிலான வேறுபாடே சானெட்டுக்கும் நாடகத்துக்கும் இடையிலான வேறுபாடு.

விருந்தில் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கும்போது பேசும் பேச்சு ஒரு முழுச் சானெட். மூன்று நாலடிகளும் ஈரடி ஒன்றுமாகப் பகுக்கும் ஆங்கில முறையே இங்கும் உள்ளது. முதல் நான்கடி ரோமியோவினுடையது. தன் கை புனிதத் தலத்தைத் தீண்டி மாசுபடுத்தியதெனின், யாத்திரிகர்களாகிய தன் உதடுகள் முத்தத்தால் அதனைத் துடைக்கும் என்கிறான். அடுத்த நான்கடி ஜூலியட்டினுடையது. யாத்திரிகர் கை திருவுருவின் கையைத் தொடுவது முறைதான் என்றும், உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்தலே அவர்தம் முத்தம் என்றும் அவள் கூறுகிறாள். அவன் நாலடியில் இயைபாக நின்ற முத்தம் என்னும் சொல்லையே அவளும் இயைபாகக் கொள்கிறாள். பொருளை மட்டும் இதழினின்று கைக்கு மாற்றிவிடுகிறாள். அது மறுப்பும் அன்று, இசைவும் அன்று. அவன் தொடங்கிய உருவகத்தினுள் புகுந்து, அதன் எல்லையைத் தானே வரைதல் அது. எஞ்சிய ஆறடிகளை இருவரும் பகிர்கின்றனர். எண்ணிப் பார்த்தால் பதினான்கில் எட்டு அவனுக்கும் ஆறு அவளுக்குமாக அமைகின்றன. சரிபாதி இல்லை. எனினும் ஒருவர் கூற்றாக வந்த மரபில் ஆறடி சிறிதன்று. முத்தத்திற்குப் பின் இரண்டாம் சானெட் தொடங்கி, அதன் நான்காம் அடியில் அவன் நூல் முறைப்படி முத்தமிடுகிறான் என ஜூலியட் சொல்லி முடிக்க, தாய் அழைப்பதாகச் செவிலி குறுக்கிடுகிறாள். இருவர் பாடும் பாட்டை இங்கு முறிப்பது குடும்பம்.

மாடக் காட்சியில் மறுப்பு வெளிப்படையாகவே பேசுபொருளாகிறது. எவரும் கேட்கவில்லை என எண்ணி ஜூலியட் தன் காதலைக் கூறியதை ரோமியோ ஒட்டுக் கேட்டுவிடுகிறான். எனவே 'வேண்டா' சொல்லும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டவில்லை. தன்னை எளிதில் வயப்பட்டவள் என அவன் எண்ணுவானாயின், முகஞ்சுளித்து மறுத்துக் காட்டவும் தான் அணியம் என்றும், அவன் மீண்டும் இரந்து நிற்பதற்காகவே அவ்வாறு செய்யலாம் என்றும், மற்றபடி அதற்குத் தேவையில்லை என்றும் அவள் கூறுகிறாள். சிட்னியின் காதலன் பெண்ணின் மறுப்பை வேடம் எனக் கொண்டான். ஜூலியட்டோ அவ்வேடம் ஒன்று உண்டு என்பதை அறிந்து, அதனைப் புனைய மறுக்கிறாள். மதியின்மேல் ஆணையிட வேண்டா என அவள் தடுப்பது ரோமியோவின் அணிநடையை. திருமணப் பேச்சை எடுப்பவளும், மறுநாள் தூது அனுப்ப ஏற்பாடு செய்பவளும் அவளே. அவளுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை. ஷேக்ஸ்பியருக்கு மூலமாக அமைந்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டு நெடுங்கவிதையில் அவள் வயது 16. வயதைக் குறைத்த கவிஞர் அவள் சொல்லின் தெளிவைக் குறைக்கவில்லை.

வேடமில்லாத மறுப்பு வேறு, அதன் விலை வேறு என்பதை மூன்றாம் அங்கம் காட்டுகிறது. பாரிஸ் பிரபுவை மணக்கமாட்டேன் என ஜூலியட் தந்தையிடம் பணிவோடும் தெளிவோடும் சொல்கிறாள். காப்புலெட் அவள் சொற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி இகழ்கிறார். தருக்கம் பேசுபவள் என அவளையே குற்றம் சாட்டுகிறார். இழுத்துச் சென்றேனும் மணமேடையில் நிறுத்துவேன் என அச்சுறுத்துகிறார். ஸ்டெல்லாவின் சொல்லைக் கொண்டு காதலன் ஆடிய தருக்க விளையாட்டும் இத்தந்தையின் சினமும் தொலைவில் உள்ளவை அல்ல. பெண்ணின் சொல் தன் பொருளை இழப்பது இரண்டிற்கும் பொது. சானெட்டில் அது நயம். வீட்டில் அது வன்முறை. அவ்வன்முறைக்குத் தப்பவே ஜூலியட் துறவி தந்த மயக்க மருந்தை அருந்துகிறாள்.

இதனால் அரங்கு பெண்ணின் சொல்லை எப்போதும் காத்தது என முடிவு செய்தல் தவறு. அப்பெண்குரலே ஓர் ஆடவர் எழுதி, ஒரு சிறுவன் பேசியது. 1660 வரை ஆங்கிலத் தொழில்முறை அரங்கில் பெண்கள் நடித்ததில்லை. 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'விரும்பிய விதமே' எனத் தமிழாக்கிய காலத்தில், அவருடைய சுகுண விலாச சபையிலும் பெண் வேடம் ஆடவருக்கே உரியதாயிருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். ஷேக்ஸ்பியரின் தொடக்க கால நாடகமான 'வெரோனாவின் இரு கனவான்கள்' கதையில், பெண்மனத்தைப் பிடிக்கச் சானெட்டைக் கண்ணியாக வைக்குமாறு கற்பிக்கும் புரோட்டியஸ், இறுதியில் சில்வியாவை வலிந்து பற்ற முயல்கிறான். சானெட் கண்ணி அறுந்தவிடத்து வன்மை தலைகாட்டுகிறது. அவளைக் காத்த காதலன் வாலன்டைன் அடுத்த நொடியே நண்பனை மன்னித்து, அவள்மேல் தனக்குள்ள உரிமையையும் அவனுக்கு வழங்குகிறான். அக்கணம் முதல் நாடகம் முடியும்வரை சில்வியாவுக்கு ஒரு சொல்லும் இல்லை. நாடகாசிரியர் மறந்தார் என்பாரும், வேண்டுமென்றே செய்தார் என்பாரும் உண்டு. எவ்வாறாயினும் மேடையில் நிற்கும் அம்மௌனத்தைப் பார்வையாளர் கண்டே தீர வேண்டும்.

'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்தின் இறுதிக் காட்சி நுட்பமானது. பெனடிக்கும் பியாட்ரிஸும் ஒருவரையொருவர் காதலிக்கவில்லை என அவையறிய மறுக்கின்றனர். உடனே அவன் எழுதிய தடுமாற்றமான சானெட்டும், அவள் பையிலிருந்து எடுத்த அவளுடைய எழுத்தும் சான்றாக நீட்டப்படுகின்றன. இங்குப் பெண்ணும் எழுதியிருக்கிறாள் என்பது முன்னேற்றமே. பின்னர், பேசாதே, உன் வாயை அடைக்கிறேன் என்னும் பொருள்பட ஒரு கூற்று வருகிறது. 1600ஆம் ஆண்டுக் குவார்ட்டோ பதிப்பில் அக்கூற்று அவளுடைய மாமனாகிய லியோனாட்டோவுக்கு உரியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் லூயிஸ் தியோபால்டு அதனைப் பெனடிக்குக்கு மாற்றி முத்தமாக்கினார். பிற்காலப் பதிப்புகளுட் பல அவரையே பின்பற்றின. மாமன் அடைத்தாலும் காதலன் அடைத்தாலும், ஷேக்ஸ்பியரின் நாயகியருள் நாவன்மை மிக்கவளான பியாட்ரிஸ் அதன்பின் பேசுவதில்லை.

பெண் எழுதிய சானெட்

சிட்னியின் தம்பி மகளான மேரி ரோத் 1621இல் 'யுரேனியா' என்னும் உரைநடைப் புனைவை வெளியிட்டு, அதன் இறுதியில் பம்பிலியா ஆம்பிலான்தஸுக்குப் பாடியதாக ஒரு சானெட் தொகையையும் சேர்த்தார். ஆம்பிலான்தஸ் என்னும் பெயர் இருவரைக் காதலிப்பவன் எனப் பொருள்படும். இங்குப் பாடுபவள் பெண்; எதிர்ச்சொல் தராதவன் ஆண். வேடங்கள் இடம் மாறிவிட்டன எனச் சுருக்கமாகச் சொல்லிவிடலாகாது. ரோத்தின் பெண் காதலனின் உறுப்புகளை வருணிப்பதில்லை. அவனை இரந்து வளைக்க முயல்வதும் அரிது. அவள் வாதிடுவது பெரிதும் தன்னோடும் காதல் என்னும் தெய்வத்தோடுமே. தொகையின் நடுவே பதினான்கு சானெட்டுகள் மாலையாகக் கோக்கப்பெற்றுள்ளன. ஒன்றன் ஈற்றடி அடுத்ததன் முதலடியாகும் இவ்வமைப்பு நம் அந்தாதியை ஒத்தது. புதிர்ப்பாதை ஒன்றில் எத்திசையில் திரும்புவது எனத் தொடங்கும் மாலை, அதே அடியில் முடிகிறது. வெளியேறும் வழி கிடைக்கவில்லை என்பதை வடிவமே சொல்லிவிடுகிறது.

'யுரேனியா'வில் தம் குடும்பச் செய்தி மறைமுகமாக இடம்பெற்றதெனச் சினந்த எட்வர்ட் டென்னி பிரபு, ரோத்தை இழித்துரைத்து, பெண் நூல் எழுதலாகாது எனக் கண்டித்து ஒரு பா எழுதிப் பரப்பினார். நூலின் விற்பனை தடைப்பட்டது. அதனை விற்பனைக்கு விடும் எண்ணமே தமக்கு இருந்ததில்லை என ரோத் அரசவையில் செல்வாக்குடைய பக்கிங்காம் பிரபுவுக்கு எழுத நேர்ந்தது. ஆயினும் டென்னியின் பாவுக்கு அவர் வாளாவிருக்கவில்லை. டென்னி கையாண்ட இயைபுச் சொற்களையே எடுத்துக்கொண்டு, அடிக்கு அடி நேர்நிறுத்தி, அவ்வசையை அவர்மீதே திருப்பி அனுப்பினார்.